குவாட்டர் கணக்கும் பக்கவாதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரோக் என்று பேச்சு வந்தாலே பிரஷர், சுகர், சிகரெட் என்று விரல்விட்டு எண்ணிவிடுவோம். குடி என்று வரும்போது மட்டும் "அளவோட இருந்தா ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவோம். எவ்வளவு குடித்தால் அளவு என்று யாரும் கிளாஸை வைத்துக் காட்டுவதில்லை. டாக்டர்கள் கிராமில் சொல்கிறார்கள், வெளிநாட்டு ஆய்வுகள் 'டிரிங்க்' (ஒன்று சுமார் 10 முதல் 14 கிராம் ஆல்கஹால்) என்று எண்ணுகின்றன, நம் ஆள் கடையில் கேட்டு வாங்குவதோ குவாட்டர். அதனால் இங்கே முடிந்தவரை எல்லாவற்றையும் குவாட்டர் கணக்கிலேயே சொல்லியிருக்கிறேன்.

குடித்தால் எந்த மாதிரி ஸ்ட்ரோக் வரும்?

இரண்டு மாதிரியும் வரும். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து மூளைக்குள்ளேயே ரத்தம் கசிவது இன்னொன்று. பொதுவாக எண்ணிக்கையில் அடைப்புதான் அதிகம். ஆனால் குடிக்கு நெருங்கிய சொந்தம் ரத்தக்கசிவுதான், பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப இதைத்தான் பார்க்கிறார்கள். வந்தால் உயிரை எடுக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் அதற்குத்தான். அடைப்பைக் கரைக்க ஊசி இருப்பதுபோல் கசிவை நிறுத்த எல்லோருக்கும் போடக்கூடிய ஊசி என்று ஒன்று கிடையாது.

நான் தினமும் குடிக்கிற ஆள் இல்லை. சனிக்கிழமை மட்டும் ஒரு குவாட்டர். இதெல்லாம் ஒரு கணக்கா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் கடைகளில் விற்கிற பிராந்தி, விஸ்கி, ரம் எதை எடுத்தாலும் லேபிளில் பொடி எழுத்தில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். குவாட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடை போட்டால் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 'ஒரே வேளையில் மிகுதியாகக் குடிப்பவர்' என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? மாதத்தில் ஒரு தடவையாவது ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பவரை. அதாவது ஒரு குவாட்டர். மிக்சிங்குக்கு என்ன ஊற்றினாலும், எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் அந்த 60 கிராம் குறையாது. ஆக மாதத்துக்கு ஒரே ஒரு குவாட்டரை ஒரு ராத்திரியில் முடிப்பவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். அவர் தன்னைக் குடிகாரர் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இந்தியாவும் பங்கெடுத்த இன்டர்ஸ்ட்ரோக் என்ற ஆய்வில் இதைத் தனியாகப் பார்த்தார்கள். 27 நாடுகள், ஸ்ட்ரோக் வந்தவர்கள் சுமார் 13,000 பேர், ஒப்பிட்டுப் பார்க்க ஸ்ட்ரோக் வராதவர்கள் அதே அளவு. 2022இல் முடிவு வெளிவந்தது. மாதம் ஒருமுறையாவது ஒரே நாளில் ஐந்து டிரிங்குக்கு மேல் குடிப்பவர்களுக்கு ஸ்ட்ரோக் வாய்ப்பு 39 சதவீதம் அதிகம். பிரித்துப் பார்த்தால் அடைப்பு 29 சதவீதம், மூளைக்குள் ரத்தக்கசிவு 76 சதவீதம் அதிகம்.

"வாரத்துக்கு 60 கிராம்தானே, தினமும் குடிக்கிறவனைவிட நான் பரவாயில்லையே" என்று கேட்கலாம். மொத்த அளவில் பரவாயில்லைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் உடம்புக்கு வாரக் கணக்கெல்லாம் தெரியாது. ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தக் குவாட்டரை முடித்தால், காலை ஐந்து மணிக்கும் அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் பிரஷர் மேலும் கீழும் போகும், உடம்பில் நீர் வற்றும், இதயத் துடிப்பு தாளம் தப்பும். கூடவே காரமும் உப்புமாக சைட் டிஷ், நாலைந்து சிகரெட், குறட்டை விட்டுக்கொண்டு அரைகுறைத் தூக்கம். எல்லாம் ஒரே ராத்திரியில்.

நான் பீர்தான் குடிப்பேன். அது பரவாயில்லையா?

650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் என்றால் சுமார் 26 கிராம். ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 41 கிராம். இரண்டு ஸ்ட்ராங் குடித்தால் ஒரு குவாட்டரைத் தாண்டியாயிற்று. உடம்பு சூடு தணியும் என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்வது.

கட்டிங்கோடு நிறுத்திக்கொள்பவருக்கு?

கடை வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு குவாட்டரைப் பங்கு போட்டுக்கொள்வார்களே, அந்தப் பாதி 90 மில்லி, 30 கிராம். குவாட்டரைவிடக் கட்டாயம் குறைவுதான், ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் தினமும் ஒரு கட்டிங் என்றால் வாரத்துக்கு 210 கிராம். பணக்கார நாடுகளில் குடிப்பவர்கள் கிட்டத்தட்ட 6 லட்சம் பேரின் தகவலைச் சேர்த்து 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், வாரம் 100 கிராமுக்கு மேல் போனாலே ஆயுள் குறைய ஆரம்பிப்பது தெரிந்தது. ஸ்ட்ரோக்கைப் பொறுத்தவரை அந்த மாதிரி எல்லைக்கோடு எதுவும் தெரியவில்லை, வாரத்துக்கு 100 கிராம் கூடக்கூட ஆபத்து 14 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. 100 கிராம் என்பது ஒன்றரைக் குவாட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு வாரம் முழுவதற்கும் சேர்த்து.

கொஞ்சமாகக் குடித்தால் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று படித்திருக்கிறேனே?

நானும் படித்திருக்கிறேன், எல்லோரும் படித்திருக்கிறோம். பல வருடமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், அதில் பொய் சொல்லும் நோக்கமும் இல்லை. ஆட்களைக் கூப்பிட்டு "எவ்வளவு குடிப்பீர்கள்" என்று கேட்டு, பத்து வருடம் கழித்து யாருக்கு ஸ்ட்ரோக் வந்தது என்று பார்த்தால், கொஞ்சமாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நன்றாக இருப்பதுபோலவே தெரியும். சிக்கல் எங்கே என்றால், 'குடிக்காதவர்கள்' கூட்டத்தில் ஏற்கனவே உடம்பு கெட்டுப்போய் டாக்டர் சொல்லி விட்டவர்களும் இருப்பார்கள். அளவாக ஒரு கிளாஸ் ஒயினோடு எழுந்துபோகிறவர் பெரும்பாலும் வசதி, நல்ல சாப்பாடு, நடைப்பயிற்சி எல்லாம் உள்ளவர். அவர் நன்றாக இருப்பதற்கு ஒயின்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குழப்பத்தை சீனாவில் ஒரு ஆய்வு அழகாகப் பிரித்தது. கிழக்கு ஆசியாவில் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் உண்டு. ஒரு வாய் குடித்தாலே முகம் சிவந்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். அதனால் அவர்கள் குடிப்பதே இல்லை, குடித்தாலும் கொஞ்சம்தான். இந்த மரபணு பணக்காரன் ஏழை, உடம்பு சரியில்லாதவன் சரியானவன் என்று பார்த்து அமைவதில்லை. யார் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று இயற்கையே குலுக்கல் போட்டுக் கொடுத்த மாதிரி. 5 லட்சம் பேரைச் சுமார் பத்து வருடம் தொடர்ந்து கவனித்து, அதில் 1.6 லட்சம் பேரின் மரபணுவையும் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். வாயால் சொன்ன கணக்கில், கொஞ்சம் குடிப்பவருக்கு ஆபத்து குறைவு என்ற அதே பழைய படம். மரபணுவை வைத்துப் பிரித்தபோது அந்த நன்மை காணாமல் போய்விட்டது, குடிக்கக் குடிக்க ஆபத்து ஏறியது, அவ்வளவுதான். வாரம் 280 கிராமுக்கு, அதாவது நாலரைக் குவாட்டருக்கு, அடைப்பு 27 சதவீதமும் ரத்தக்கசிவு 58 சதவீதமும் கூடின. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பெண்கள் பற்றியது. அங்கே பெண்கள் அனேகமாகக் குடிப்பதில்லை. அதே மரபணு வேறுபாடு அவர்களுக்கும் உண்டு, ஆனால் அவர்களிடம் ஸ்ட்ரோக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. அப்படியென்றால் ஆண்களிடம் வேலை செய்தது மரபணு இல்லை, சரக்குதான்.

2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், உடம்புக்குப் பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று கிடையாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டது. புற்றுநோயை முன்வைத்துச் சொன்னது அது. ஆனால் மருந்துபோல நினைத்து யாரும் புதிதாகக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

ரெட் ஒயின்?

மேலே சொன்னதேதான். திராட்சையில் உள்ள நல்லது வேண்டுமென்றால் திராட்சை சாப்பிடலாம்.

குடித்ததும் எனக்குப் பிரஷர் இறங்குகிறது. வீட்டு மெஷினிலேயே பார்த்தேன்.

பார்த்தது சரிதான். ஆல்கஹால் முதலில் ரத்தக்குழாயைத் தளர்த்தும், பிரஷர் இறங்கும். 30 கிராமுக்கு மேல் குடித்தால் என்ன ஆகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் 12 மணி நேரம்வரை பிரஷர் குறைந்திருந்து, 13 மணி நேரத்துக்குப் பிறகு இருந்த அளவைவிட மேலே ஏறுவது தெரிந்தது. ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தவர் ஒன்பது மணிக்கு மெஷினை மாட்டிப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். மறுநாள் காலை ஒன்பது பத்து மணிக்கு, தலைவலியோடு பைக்கை உதைத்துக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். இது அடிக்கடி நடந்தால் கடைசியில் ஏறிய பிரஷர் ஏறியபடியே நின்றுவிடும்.

எங்க வீட்டுக்காரர் குடிக்கிற அன்றைக்குப் பிரஷர் மாத்திரை போடுவதில்லை. சரக்கும் மாத்திரையும் சேரக்கூடாது என்கிறார்.

இப்படிச் செய்பவர்கள் ஏகப்பட்ட பேர். ஏதோ ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தபோது "இதோட குடிக்காதீங்க" என்று சொன்னதை எல்லா மாத்திரைக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். பலன் என்ன? பிரஷரைக் கூட்டுகிற பொருள் உள்ளே போகிற அதே நாளில், பிரஷரைக் குறைக்கிற பொருள் போகவில்லை. தீபாவளி, பொங்கல் என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் குடித்தால் நாலு நாளும் மாத்திரை இல்லை. விட வேண்டியது மாத்திரையை அல்ல, குடியை. குடித்துவிட்டேன் என்பதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், விட்டதற்குச் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம். டாக்டரிடம் வெட்கப்படாமல் "நான் குடிப்பேன், அன்றைக்கு எந்த மாத்திரையை என்ன செய்ய" என்று கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, சில சுகர் மாத்திரைகள் இவற்றோடு குடி சேர்வது நிஜமாகவே ஆபத்து.

குடித்த மறுநாள் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்கிறது. அதற்கும் ஸ்ட்ரோக்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்க ஆரம்பித்தால் ரத்தம் அங்கேயே தேங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் அடைப்பு. வார இறுதியிலும் பண்டிகையிலும் குடித்துவிட்டு இப்படி வருகிறவர்களைப் பார்த்து அமெரிக்க டாக்டர்கள் 1978இலேயே இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஏற்கனவே இந்தத் துடிப்புக் கோளாறு உள்ள 140 குடிப்பவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு நடந்தது, 2020இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னார்கள், மறுபாதி வழக்கம்போல். ஆறு மாதத்தில் கோளாறு திரும்ப வந்தது, வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு, விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு. படபடப்பு வரும்போது ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது, அடங்கிய பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம்.

இதெல்லாம் வயசானவங்களுக்குத்தானே?

இல்லை. குடித்துப் போதையான இளைஞர்களுக்கு மூளை அடைப்பு வருகிறதா என்ற கேள்வியை 1978இலேயே பின்லாந்தில் எழுப்பினார்கள். தென்கொரியாவில் 20 முதல் 39 வயது வரை உள்ள சுமார் 15 லட்சம் பேரைப் பார்த்ததில், வாரம் 105 கிராமும் அதற்கு மேலும் நாலு வருடம் தொடர்ந்து குடித்தவர்களுக்கு ஸ்ட்ரோக் 23 சதவீதம் அதிகம், அதிலும் ரத்தக்கசிவுதான் முக்கியமாக. பிரான்ஸில் லில் நகர மருத்துவமனையில் மூளை ரத்தக்கசிவோடு வந்த 540 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு அது வந்த வயது நடுவாக 60, மற்றவர்களுக்கு 74. பதினாலு வருடம் முன்னால் வந்து நிற்கிறது.

ஈரல் கெட்டுப்போனவருக்கு மூளையில் என்ன ஆகும்?

ரத்தம் உறையத் தேவையான பொருட்களைச் செய்வது ஈரல். அது பழுதானால் ரத்தம் சட்டென்று உறையாது, தட்டணுக்களும் குறைந்திருக்கும். அந்த நிலையில் ஒரு சின்னக் கசிவுகூடப் பெரிதாகும். இன்னொன்று, போதையில் விழுந்து தலையில் அடிபடுவது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, "லேசா வீங்கியிருக்கு" என்று விட்டுவிடுவார்கள். மண்டைக்குள் மெதுவாகக் கசிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு கை, ஒரு கால் இழுத்துக்கொள்ளும், பேச்சு குழறும். இது வேறு வகை, ஆனால் வெளியில் ஸ்ட்ரோக் போலவே இருக்கும். நல்லவேளையாக ஆபரேஷனில் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. டாக்டர் "எப்போதாவது விழுந்தாரா" என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

போதையா ஸ்ட்ரோக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தள்ளாட்டம், குழறல், வாந்தி, கண் சொருகல், இரண்டிலும் எல்லாம் உண்டு. நிறையப் பேருக்கு நேரம் கைநழுவிப் போவது இங்கேதான். "குடிச்சிருக்கார், படுக்கட்டும், காலைல தெளிஞ்சிடும்" என்று திண்ணையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, விடிந்து பார்த்தால் வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்துபோயிருக்கும்.

போதை இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி தளர்த்தும், ஸ்ட்ரோக் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிக்கும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா. இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் கீழே இறங்குகிறதா. தன் பெயர், ஊர் பெயர் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாக ஒரு குவாட்டருக்கு நிதானமாக இருக்கிற ஆள் இன்றைக்கு ஒரு பெக்கிலேயே சரிந்தாரா என்றும் பாருங்கள், இது உங்களுக்குத்தான் தெரியும், எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆனால் சிறுமூளையில் வரும் ஸ்ட்ரோக்கில் கை கால் பலமாகவே இருக்கும், தலைசுற்றலும் வாந்தியும் தள்ளாட்டமும் மட்டும்தான், அச்சு அசலாகப் போதை மாதிரி. அதனால் சந்தேகம் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள், வெறும் போதையாக இருந்தால் கொஞ்சம் அசிங்கம், அவ்வளவுதானே.

போதையைத் தெளிய வைக்க மோர், எலுமிச்சைச் சாறு என்று வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ஸ்கேன் எடுக்காமல் அடைப்பா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். புறா ரத்தம் தேய்க்கலாம் என்று யாராவது வண்டியைத் திருப்பச் சொன்னால் அவரை இறக்கிவிட்டுவிட்டுப் போங்கள்.

குடித்திருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட மாட்டார்களாமே?

குடித்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை. அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் வந்து, சிடி ஸ்கேனில் கசிவு இல்லை என்று தெரிந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றி யோசிப்பார்கள். பெரிய குழாய் அடைத்திருந்தால், குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்குச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்புண்டு. எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு, விழுந்தாரா, ஈரல் பிரச்சினை உண்டா என்பதை உண்மையாகச் சொன்னால்தான் அவர்கள் சரியாக முடிவெடுக்க முடியும். சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். காலையில் மணிக்கட்டு தொங்குகிறது. ஸ்ட்ரோக்கா?

நாற்காலி விளிம்பில் கையைத் தொங்கப்போட்டபடி மரக்கட்டைபோல் தூங்கினால் மேற்கையில் உள்ள நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போவது உண்டு, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

நிறுத்தினால் ஆபத்து குறையுமா, இல்லை கெட்டது கெட்டதுதானா?

குறையும், அதுவும் பிரஷர் விஷயத்தில் சில வாரங்களிலேயே. தினம் ஆறு டிரிங்குக்கு மேல், நம் கணக்கில் ஒரு குவாட்டரும் அதற்கு மேலும் குடித்தவர்கள் அதைப் பாதியாக்கியபோதே மேல் பிரஷர் சராசரியாக ஐந்தரைப் புள்ளி இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு மாத்திரை செய்கிற வேலை. முழுசாக விட முடியாதவர்களுக்கும் இது சேர்த்துத்தான்: குவாட்டரைக் கட்டிங்காக்கினாலும் பலன் உண்டு.

அப்படியானால் நாளையிலிருந்தே விட்டுவிடலாமா?

வாரம் ஒரு நாள் குடிப்பவர் தாராளமாக. தினமும் குடித்து, காலையில் கை நடுக்கம் உள்ளவர் மட்டும் தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல், பிரஷர் எகிறல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் மேற்பார்வையில் சில நாள் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து இறக்குவார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் இலவசம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980இலிருந்து இதே வேலையாக இருக்கிறது.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து தேறிவிட்டார். கல்யாண வீட்டில் ஒரே ஒரு பெக் குடித்தால் என்ன?

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார், அதோடு குடி சேர்ந்தால் கசிவு பயம். காயம்பட்ட மூளைக்கு வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கனவே உண்டு, குடி அதைத் தூண்டும். ஒரு கால் கொஞ்சம் இழுக்கிற ஆள் மாடிப்படியில் இறங்க வேண்டியிருக்கும், அதுவும் இருட்டில். பெரும்பாலும் ஊற்றிக் கொடுப்பது வீட்டு ஆள் இல்லை, "மாமா, ஒண்ணே ஒண்ணு" என்று தோளில் கை போடுகிற பங்காளிதான், அவரிடம் முன்கூட்டியே, மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால், போனிலேயே சொல்லிவையுங்கள்.